மெய்யாலுமா

எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு செய்தியைச் சொல்வதில் தனி சுகம் இருந்தது. கத்தரிக்காய் விலை ஏறிவிட்டது என்று சொன்னால்கூடச் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். முகத்தை முழுவதுமாக நம் பக்கம் திருப்புவார். புருவம் மெல்ல மேலே போகும். பிறகு, "மெய்யாலுமா?" என்பார். உலகத்திலேயே இந்தச் செய்தியை முதலில் கொண்டுவந்தவர் நாம்தான் என்று அந்த ஒரு சொல்லில் தோன்றிவிடும்.

நகரிக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்குகிற ஊர் ஏகாம்பரகுப்பம். அங்கே நெசவுக்காரர் தெருவில் நாங்கள் குடியிருந்தோம். திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது, நகரி ஆந்திராவிலேயே இருக்கப்போகிறது என்று பேச்சு உறுதியான நாளில், நான் அக்கா வீட்டில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் பால்காரர் வந்து சொன்னார். பிறகு நூல் கடைக்காரர். பிறகு பக்கத்து வீட்டு தெலுங்குக்காரப் பெண். எல்லைக் கோடு தன் வீட்டுக் கொல்லையிலேயே போடப்பட்டதுபோல் ஒவ்வொருவரும் பரபரத்தார்கள். தமிழில் சொன்னவர்களுக்கு "மெய்யாலுமா?" தெலுங்கில் சொன்னவர்களுக்கு "நிஜங்கானா?" முகம் மட்டும் ஒன்றுதான். கடைசியாக ஸ்டேஷனிலிருந்து ஓடிவந்த ஆள் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா, காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கிட்டிருக்கீங்க. தெரியும்னு சொல்லிடலாமே."

"இன்னாத்துக்கு டீச்சரம்மா? ஸ்டேசன்லேந்து ஓடியாந்துகீறான், மூச்சு வாங்கிகினு. தெரியும்னு சொன்னா அவன் மூஞ்சி தொங்கிப்பூடும். எனுக்கு இன்னா நஷ்டம், ஒரு வார்த்த தானே."

நான் சிரித்தேன். நானும் அவரிடம் மூச்சு வாங்க ஓடியவள்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

நான் சித்தூரில் பிறந்து வளர்ந்தவள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் தவறிய கையோடு கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் புத்தூரில் குமாஸ்தாவாக இருந்தார், ரயிலில் போய்வருவார். பையன் பிறந்து தவழத் தொடங்கியபோது, மறுபடியும் பரீட்சை எழுதவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அவர் தடுக்கவில்லை. "இந்த ஒரு தடவை எழுது. வரலைன்னா புத்தகத்தைக் கட்டிப் பரண்ல வெச்சிட்டுக் குழந்தையைப் பாரு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னதால் அது உள்ளேயே தங்கிவிட்டது.

என்னைக் கவிழ்த்தவை இங்கிலீஷ் வினைச்சொற்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வடிவம். கோ, வென்ட், கான். ஸீ, ஸா, ஸீன். முதலாவதில் எனக்குக் குழப்பம் வந்ததில்லை. இரண்டாவது பாஸ்ட் டென்ஸ், மூன்றாவது பாஸ்ட் பார்ட்டிஸிபிள் என்று பெயரும் தெரியும். எழுத உட்கார்ந்தால் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து நிற்கும். நான் போனேன் என்பதற்கு 'ஐ கான்' என்று எழுதுவேன். சந்தேகம் வந்து அதை அடித்துவிட்டு 'ஐ ஹாவ் வென்ட்' என்று எழுதுவேன். இரண்டும் தப்பு. சரியாக எழுதியதையும் சில நேரம் அடித்திருக்கிறேன். எதையும் ஒரு முறை செய்துவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

ஒரு நாள் பையன் இலக்கணப் புத்தகத்தின் தாள் ஒன்றைக் கிழித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். பிடுங்கும்போது அவன் கையில் ஓர் அடி வைத்துவிட்டேன். அவன் அழுதான். நானும் அழுதேன். எதிர்வீட்டு அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். அதுவரை அவரோடு எனக்கு அவ்வளவு பழக்கம்கூட இல்லை.

"இன்னா ரெண்டு பேரும் ஒன்னா அயிதுகினுகீறீங்க?" என்றார். பிறகு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "புக்கு உன்னுது. புள்ள என்னுது. வெயிலு தாழ்ந்தா மாத்திக்கலாம், டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

நான் பாஸ் செய்வதற்கு முன்பே என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். பெரிய மகளைப் புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மற்ற இரண்டு பெண்களும் ராட்டையில் நூல் சுற்றுவார்கள். கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு தறி, அதில் அவருடைய வீட்டுக்காரர். பிள்ளை ஆசைக்கு ஏங்குகிறவர் இல்லை அக்கா. மூன்று பெற்று வளர்த்து ஓய்ந்தவர். என் பையனை எதற்காக ஏற்றுக்கொண்டார் என்று நான் பல விதமாக யோசித்திருக்கிறேன்.

விடியும்போதே அவனைக் கொண்டுபோய் விட்டுவிடுவேன். மாலையில் குளிப்பாட்டி, தலை வாரி, பொட்டு வைத்துத் திருப்பிக் கொடுப்பார். "இன்னிக்கு என்னக்கா பண்ணான்?" என்று கேட்பேன்.

"இன்னா பண்ணான். துன்னான், தூங்கினான், எயிந்தான். புள்ள வேற இன்னா பண்ணும்?"

தினமும் இதே பதில்தான். எனக்கு அது குறையாக இருந்தது. மற்றவர்கள் குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாலே அவன் இப்படிச் சிரித்தான், அப்படிப் பார்த்தான் என்று கதை சொல்வார்கள். நாளெல்லாம் வைத்திருக்கும் இவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா?

சாப்பாடு போடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்க குழந்தையைக் கவனிக்கறாங்களான்னே தெரியலீங்க. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"சோறு ஊட்டறாங்க, குளிப்பாட்டறாங்க. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

எனக்கு வேண்டியது என்ன என்று அவரிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பகலில் நான் இல்லாத இடத்தில் அவன் வளர்ந்துகொண்டிருந்தான். அதில் கொஞ்சமாவது எனக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விசேஷமான காரியங்களோ எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தன. முதல் பல்லை நான்தான் கண்டுபிடித்தேன், பால் கொடுக்கும்போது. முதல் முறை அவன் என்னைக் கூப்பிட்டதும் அப்படித்தான். அக்கா தன் வாசலில் நின்று, "டீச்சரம்மா, புக்கக் கீய வெச்சிட்டு இங்க வந்து நில்லு. உன்னியே தேடறான்" என்றார். நான் போய் நின்றேன். அவன் முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். அவன் என்னைப் பார்த்து "ம்மா" என்றான்.

"அக்கா, அம்மான்னு சொன்னான். கேட்டீங்களா?"

"மெய்யாலுமா? எனுக்கு சரியா கேக்கலியே. இன்னொரு தபா சொல்லச் சொல்லு."

இடுப்பில் வைத்திருந்தவருக்குக் கேட்கவில்லையாம்.

நான் அறைக்குள் நடந்துகொண்டே சத்தமாக மனப்பாடம் செய்வேன். அது தெருவைத் தாண்டிக் கேட்கும். கொஞ்ச நாளில் அக்கா அதையே தாலாட்டாக்கிவிட்டார். தறியின் சத்தத்தோடு சேர்ந்து, "டேக்கு, டேக்கன், டூக்கு" என்று தூளியை ஆட்டுவார். உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர், "இன்னாமே, வெள்ளக்காரன் வூட்டுப் புள்ளயா அது?" என்பார். பையன் தூங்கிவிடுவான்.

"அக்கா, வரிசை மாறிப்போச்சு. டேக், டூக், டேக்கன். அவனுக்கும் தப்பாவே மனசுல ஏறிடும்."

"அவன் பரிட்ச எயிதறப்போ நீதானே டீச்சரா இருப்ப. நீயே திருத்திக்கோ."

இனிச் சொல்லப்போவதை நான் பல முறை முன்னும் பின்னுமாக அடுக்கிப் பார்த்திருக்கிறேன்.

வெயில் ஏறுவதற்கு முன் எங்கள் தெருவில் பாவு விரிப்பார்கள். சேலைக்கான நீள நூல்களைத் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற வேலை. யார் வீட்டுப் பாவாக இருந்தாலும், தமிழ் வீடோ தெலுங்கு வீடோ, தெருவே வந்து கை கொடுக்கும். நடுவில் இழை அறுந்தால் எல்லோரும் ஒன்றாகக் கத்துவார்கள். உடனே அடங்கிவிடுவார்கள். அறுந்த முனையைத் தேடி எடுக்கும்வரை யாரும் அசையமாட்டார்கள்.

ஒரு காலையில் நான் அறையில் படித்துக்கொண்டிருந்தேன். பையன் என்னைப் பார்த்தால் அழுவான் என்று கதவைச் சாத்தியிருந்தேன். சன்னல் மட்டும் பாதி திறந்திருந்தது. தெரு முழுவதும் ஒரே குரலில் கத்தியது. அடுத்த நொடியே, யாரோ வாயைப் பொத்தியதுபோல் அடங்கிவிட்டது. இழை அறுந்துவிட்டது என்று நினைத்தேன். படிப்புக்கு இடைஞ்சலாக இருந்ததால் எழுந்து சன்னலைச் சாத்தினேன். கம், கேம், கம் என்று தொடர்ந்தேன்.

மாலையில் பையனை வாங்கும்போது கேட்டேன். "காலையில என்னக்கா அவ்வளவு சத்தம்? இழை அறுந்துச்சா?"

"ஆமா. அறுந்துச்சி, முடிஞ்சாச்சி" என்றார்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, நான் அவர் வீட்டு வாசற்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பையன் தறி மேடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாத்துக்கு ஒன்னையே மூணு தபா சொல்ற டீச்சரம்மா?" என்றார் அக்கா.

நான் சொன்னேன். "மூணும் வேற வேறக்கா. மொதல் ஒண்ணு தினமும் செய்யறதுக்கு. ரெண்டாவதும் மூணாவதும் செஞ்சு முடிச்சதுக்கு. ஆனா ரெண்டாவது தனியா நிக்கும். ஐ ஸா, நான் பார்த்தேன், அவ்வளவுதான். மூணாவது அப்படி நிக்காது. ஹாவ், ஹாட்னு ஏதாவது ஒண்ணு முன்னால வந்து அதுக்குக் கை குடுக்கணும். ஐ ஹாவ் ஸீன். எனக்கு அதுதான் மறந்து மறந்து போகுது."

அக்கா பையனைப் பார்த்தார். "அப்போ ரெண்டாவது தானா நடக்கற புள்ள. மூணாவது புடிச்சிகினு நிக்கற புள்ள."

"அப்படித்தான்னு வெச்சுக்கோங்க."

"நம்ம ஆளு இன்னும் மூணாவதுதான்" என்று சொல்லிவிட்டு நூலைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

அந்த வார சனிக்கிழமை மாலை, "நாளிக்கி புள்ளய நீயே வெச்சிக்கோ டீச்சரம்மா. புத்தூர்ல பெரியவளப் பாக்கப் போவணும்" என்றார். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "சரிக்கா" என்று சொன்னேன். என் முகம் சரியாக இருந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழக்கிறோமே என்று அன்று மனசுக்குள் கணக்குப் பார்த்தேன்.

மறுநாள் காலை புத்தகத்தைத் திறக்க வழியில்லை. தரையில் உட்கார்ந்து அவனோடு விளையாடிக்கொண்டிருந்தேன். டிரங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கையை விட்டான். என்னைப் பார்த்தான். நடந்து வந்து என் மேல் விழுந்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அக்கா வாசலில்தான் இருந்தார்.

"அக்கா, நடந்துட்டான். பெட்டிகிட்டேயிருந்து தானா நடந்து வந்தான்."

முகம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. "மெய்யாலுமா? யாராண்ட வந்தான்?"

"எங்கிட்டதான்கா."

"பின்ன, பெத்தவளாண்டதானே வருவான்."

எங்கள் தெருவில் குழந்தை முதல் அடி வைத்தால் அதிரசம் சுட்டு வீடு வீடாகக் கொடுப்பார்கள். தெலுங்கு வீடுகளில் குழந்தையை அதிரசத்தின் மேல் அடி வைத்து நடக்கவிடுவதும் உண்டு. "பரிட்சய வெச்சிகினு நீ எங்க சுடப்போற, நான் சுட்றேன் போ" என்றார். நான் வீட்டுக்கு வந்து பையனுக்குப் புதுச் சட்டை போட்டு முடிப்பதற்குள் தட்டு நிறைய அதிரசம் சுடச்சுட வந்துவிட்டது. ஓரம் முறுகலாகவும் நடுவில் மிருதுவாகவும் இருந்தது. தெருவே வந்து தின்றது. "நடந்துட்டானா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நானும் ஒவ்வொருவருக்காகச் சொன்னேன். பக்கத்து வீட்டு தெலுங்குக்காரப் பெண் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் கையில் இன்னொரு அதிரசத்தை வைத்தார். அவள் சிரித்துக்கொண்டே அதைத் தின்றாள். எல்லோருமே அன்று கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள். என் சந்தோஷத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா புத்தூருக்குப் போகவில்லையே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

திருப்பதியில் பரீட்சை எழுதினேன். இங்கிலீஷ் தாளில் ஒவ்வொரு வாக்கியத்திலும், இது தனியாக நிற்கிறதா, கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். எழுதியதை அடிக்கவில்லை. பாஸ் ஆயிற்று. ஆசிரியப் பயிற்சிக்கும் ரயிலில் போய்வந்தேன். அந்தக் காலம் முழுவதும் பகலில் பையன் அக்கா வீட்டில்தான் வளர்ந்தான். எல்லை முடிவான பிறகு என் வீட்டுக்காரர் சென்னை ராஜ்யத்துப் பக்கம் வேலையைத் தேடிக்கொண்டார். நாங்கள் திருத்தணிக்கு வந்தோம். வண்டியில் சாமான் ஏற்றிய அன்று, அக்கா கடைசி முறையாகப் பையனைக் குளிப்பாட்டித் தலை வாரிக் கொண்டுவந்தார்.

"இந்தா டீச்சரம்மா. குடுத்த மாதிரியே கீறான். நல்லா பாத்து வாங்கிக்கோ" என்றார். அவன் "பெரிம்மா, பெரிம்மா" என்று வண்டியிலிருந்து கத்திக்கொண்டே வந்தான். நான் அவனைச் சமாதானப்படுத்துவதில் இருந்ததால் அவரைச் சரியாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். வினைச்சொற்கள் வரும்போது ஒரு பெண்ணை எழுப்பித் தனியாக நிற்கச் சொல்வேன். இன்னொருத்தியைப் பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வேன். இதில் எது பாஸ்ட் டென்ஸ், எது பாஸ்ட் பார்ட்டிஸிபிள் என்று கேட்பேன். பிள்ளைகள் மறப்பதில்லை.

எனக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்திருக்கிறாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார். நல்லவர். நடந்ததை நடந்தபடி சொல்கிறவர். ஒரு மாலை நான் பள்ளியிலிருந்து வந்து குடையை மடக்குவதற்குள், "உன் பொண்ணு இன்னிக்கி நடந்துச்சிம்மா. வாசப்படிலேந்து கெணத்தாண்ட வரிக்கும் தானா போச்சி. நீதான் பாக்கல" என்றார்.

அவர் குற்றம் சொல்லவில்லை. சந்தோஷத்தைத்தான் சொன்னார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மூத்தவன் நடந்ததையாவது நான் பார்த்தேன், எனக்காக அவன் காத்திருந்தான் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு அதிரசம் சுடலாம் என்று அரிசியை ஊறவைத்தேன்.

அம்மா வீட்டில் தீபாவளிக்குப் பலகாரம் செய்யும்போதெல்லாம் நான் புத்தகத்தோடு இருந்தவள். மாவை இடித்து, வெல்லப் பாகில் கிளறி, உடனே எண்ணெயில் போட்டேன். போட்டதெல்லாம் பிரிந்து, எண்ணெய் முழுவதும் சிதறியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எட்டிப் பார்த்தார்.

"அதிரச மாவ கிளறின அன்னிக்கே யாராவது சுடுவாங்களாம்மா? மூடி வெச்சி மூணு நாலு நாளு ஊறணும். மீதிய தூக்கி வெய்யி. ஞாயித்துக்கெயமை சுட்டுக்கலாம்."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. நான் போய்ச் சொன்ன கொஞ்ச நேரத்திலேயே தட்டு நிறைய வந்த அதிரசம். அவற்றில் ஒன்றுகூடப் பிரிந்திருக்கவில்லை.

மாவு மூன்று நான்கு நாளாக அவர் வீட்டுப் பானையில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியானால் பையன் அதற்கு முன்பே நடந்திருக்கிறான். அடுப்பில் எண்ணெய் புகைந்தது. ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. தெரு ஒன்றாகக் கத்தி அடங்கிய காலை. அறுந்த இழை. புத்தூருக்குப் போகாத அக்கா. அதிகமாகச் சிரித்த தெரு. "நம்ம ஆளு இன்னும் மூணாவதுதான்" என்று அவர் சொன்னபோது உள்ளே மாவு ஊறிக்கொண்டிருந்தது. பாவு ஓரமாக அவன் நடந்து போயிருக்கிறான். அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். அக்கா கையைக் காட்டி அடக்கியிருக்கிறார், உள்ளே இருப்பவளுக்குக் கேட்கக் கூடாது என்று. உள்ளே இருந்தவள் எழுந்து வந்து சன்னலைச் சாத்தியிருக்கிறாள்.

முதலில் கோபம்தான் வந்தது. என் குழந்தையின் நடையை எனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள இவர் யார் என்று நினைத்தேன். தெருவே சேர்ந்து எனக்கு நாடகம் காட்டியிருக்கிறதே என்றும் நினைத்தேன். பல் முளைத்தது, அம்மா என்றது, இவற்றில் எது உண்மையிலேயே எனக்கு முதலில் நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். எதிலும் உறுதி கிடைக்கவில்லை. பிறகு, "துன்னான், தூங்கினான்" என்ற பதிலுக்காக அவரைக் குறைசொன்னது நினைவுக்கு வந்தது. பகல் முழுவதும் கண்ணால் பார்த்ததையெல்லாம் வாயில் அடக்கிக்கொண்டு, அதை மாலையில் எனக்கு விட்டுக்கொடுத்தவரைப் பார்த்து, குழந்தையைக் கவனிக்கிறாரா என்று கேட்டிருக்கிறேன்.

தன் பெரிய மகள் நடந்த கதையை அவர் ஒரு முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவர் தறியில் இருந்தாராம். மாமியார் விருந்தாளிகள் முன்னால், "ஊரே பாத்துச்சி, பெத்தவதான் பாக்கல" என்றாராம். அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் "இல்லியே" என்பார், நானும் நம்பிவிடுவேன்.

நடப்பதற்கான வாக் என்கிற சொல்லை நான் படித்த அந்த அட்டவணையில் தேடிப் பார்த்தேன். இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் ஈ.டி. சேர்த்தாலே ஒரே மாதிரி வந்துவிடுவதால் அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அன்று காலை நான் கதவைச் சாத்திக்கொண்டு படித்தவற்றில் அது இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அதிரசத்தைச் சுட்டேன். இந்த முறை பிரியவில்லை. ஒரு டப்பாவில் அடுக்கினேன். பையனையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். இரண்டு ஊரும் ஒரே ரயில் பாதைதான், இப்போது நடுவில் ஒரு ராஜ்யத்தின் எல்லை. பையனிடம் சொன்னேன். "பாப்பா நடப்பான்னு பெரிம்மாகிட்ட சொல்லாதே."

"ஏம்மா?"

"சும்மாதான்."

அவன் வாயைக் கையால் மூடிக்கொண்டான். ஸ்டேஷனில் இறங்கியதும் பாப்பா கீழே விடச் சொல்லி இடுப்பில் துள்ளினாள். தெரு வரும்வரை அவளை இறக்கவில்லை. அவர் எனக்குச் செய்ததை ஒரு முறையாவது அவருக்குச் செய்துவிட வேண்டும் என்று இருந்தது.

அக்கா வாசலில் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அய்ய, டீச்சரம்மாவா? வா, வா. இது யாரு, சின்ன டீச்சரா?"

கொஞ்ச தூரத்திலேயே பாப்பாவை இறக்கிக் கையைப் பிடித்து நிறுத்தினேன். பிறகு கையை விட்டேன். அவள் தடுமாறவே இல்லை. நேராகப் போனாள். நடுவில் ஒரு கோழியைப் பார்த்து நின்று, திரும்பி, மறுபடியும் நடந்து அக்காவின் மடியில் போய் விழுந்தாள்.

"அக்கா, இப்பதான் நடக்கறா. இதுதான் மொதல் தடவை" என்றேன். என் குரல் எனக்கே சரியாக இல்லை.

நூல் அப்படியே நின்றது. முகம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. புருவம் மெல்ல மேலே போனது.

"மெய்யாலுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே முகம். ஏதாவது வித்தியாசம் தெரியுமா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பாப்பாவின் பாதத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். "எங்கூட்டு வாசல்லியா மொதல் அடி வெச்ச, என் தங்கமே. அதிரசம் சுடக்கூட மாவு இல்லியே வூட்டுல."

"நான் கொண்டுவந்திருக்கேன்கா" என்று டப்பாவைத் திறந்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான், நானே காட்டிக்கொடுத்துவிட்டது தெரிந்தது.

அக்கா ஒன்றை எடுத்தார். பிட்டார். ஓரத்தையும் நடுவையும் பார்த்தார். வாயில் போட்டு மெதுவாக மென்றார். பையன் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டப்பாவின் மூடியைப் பார்த்தேன்.

"மாவு நல்லா ஊறிகீது, டீச்சரம்மா" என்றார்.

உள்ளே தறிச் சத்தம் நின்றது. "இன்னாமே அங்க?" என்று அவர் வீட்டுக்காரர் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே குரல் கொடுத்தார். "டீச்சரம்மா பொண்ணு மொதல் தபா நடக்குதுய்யா. நம்மூட்டு வாசல்லதான். வந்து பாரு."

"மெய்யாலுமா?" என்றபடி அவர் எழுந்து வரும் சத்தம் கேட்டது. அக்கா பாப்பாவைத் தூக்கி, நான் இறக்கிவிட்ட இடத்திலேயே கொண்டுபோய் மறுபடியும் நிறுத்தினார்.